சிறுநீரக நோயோடு வாழ்தல்: முன்கூட்டியே செய்ய வேண்டியவை

(ஆலய மகோற்சவத்தை முன்னிட்டு, ஆலயத் திருமண மண்டபத்தில் நடைபெற்ற உடல்நல விளக்கக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்தில் நான் பலமுறை பேசியிருக்கின்றேன். திருமுறை விழாவில் பேசியிருக்கின்றேன். பள்ளிப் பரிசளிப்பு விழாவில் பேசியிருக்கின்றேன். ஆயினும் என் உடம்பைப் பற்றி நான் பொதுமேடையில் பேசுவது இதுவே முதல் முறை. செயலாளர் அவர்கள் என்னை அழைத்தபோது, டாக்டர் ஒருவரை அழைத்தால் அன்றோ பொருத்தமாக இருக்கும் என்று கேட்டேன். அதற்கு அவர், "ஐயா, டாக்டர்கள் சொல்வதைக் கேட்காதவர்கள்தாம் நம்மிடையே அதிகம், கேட்காமல் இருந்து அனுபவப்பட்ட ஒருவர் பேசினால் கேட்பார்கள்" என்றார். மறுக்க முடியவில்லை. ஏனெனில் அவர் சொன்ன அந்த ஒருவர் நானேதான்.

வாரத்தில் செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாள்களும், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம், என் இரத்தத்தை ஓர் இயந்திரம் சுத்தம் செய்கின்றது. 2018ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் இப்படித்தான் வாழ்ந்து வருகின்றேன். அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளை நான் எப்படி வீணாக்கினேன் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

எனக்கு நீரிழிவு நோய் 20 ஆண்டுகளுக்கு மேலாக இருந்தது. இரத்த அழுத்தமும் உண்டு. மாத்திரைகளைச் சில நாள் விழுங்குவேன். சில நாள் மறந்துவிடுவேன். 2016ஆம் ஆண்டில் சுகாதார கிளினிக்கில் இரத்தத்தைச் சோதித்த இளம் டாக்டர், என்னைப் பெரிய மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே, என் சிறுநீரகங்களின் வடிகட்டும் திறன் 22 என்றார்கள். இதை ஜி.எப்.ஆர். என்று குறிப்பிடுகிறார்கள். நல்ல உடல்நலமுள்ள இளைஞர் ஒருவருக்கு அது 90க்கு மேல் இருக்கும். 60க்குக் கீழே இறங்கி மூன்று மாதங்களுக்கு மேல் அப்படியே நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய். 30க்குக் கீழே போனால் நான்காம் நிலை. 15க்குக் கீழே போனால் ஐந்தாம் நிலை, அதாவது கடைசி நிலை. பள்ளியில் மதிப்பெண் போட்டே பழகிய எனக்கு 22 என்றால் தோல்வி என்று புரிந்திருக்க வேண்டும். ஆனால் உடம்பில் ஒரு வலியும் இல்லையே! நன்றாக நடந்தேன், நன்றாக உண்டேன். ஆகவே அந்தக் கணக்கில் ஏதோ பிழை என்று எண்ணிக்கொண்டேன்.

அன்பர்களே, இந்த நோயின் கபடமே இதுதான். நம் ஒவ்வொரு சிறுநீரகமும் ஒரு கைப்பிடி அளவுதான். அதற்குள் ஏறக்குறைய பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றி, மற்றதை உடம்புக்கே திருப்பித் தருகின்றன. பாதி வடிகட்டிகள் அழிந்தாலும் மீதிப் பாதி முறையிடாமல் வேலை செய்யும். சிறுநீரில் நுரை தங்குதல், கால் வீக்கம், உடம்பு அரிப்பு, வாயில் ஒரு கசப்பு, காலையில் குமட்டல் ஆகியவை தோன்றும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். இரத்தத்தில் கிரியேட்டினின் அளவையும், சிறுநீரில் புரதம் கசிகிறதா என்பதையும் சோதித்தாலன்றி இதை அறிய வழியே இல்லை.

நம் சமூகத்திற்கு இது அயலார் வீட்டுச் செய்தி அன்று. மலேசியாவில் இன்று 50,000க்கும் மேற்பட்டோர் இரத்தச் சுத்திகரிப்பில் இருக்கின்றார்கள். புதிதாகச் சேர்வோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவே காரணம். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில், வயதுவந்த இந்தியர்களுள் பத்தில் மூவருக்கு நீரிழிவு இருப்பது தெரிய வந்தது. நாட்டின் மற்ற இனத்தவரைக் காட்டிலும் அதிகம். நான் செல்லும் சுத்திகரிப்பு நிலையத்தில் காலை வேளையில் தேவாரம் பாடினால் பின்பாட்டுப் பாட ஆள் இருக்கும். வேடிக்கையாகச் சொல்கின்றேன், ஆனால் வேடிக்கை அன்று.

2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என் எண் 16க்கு இறங்கியது. நிபுணர் என்னை அமரவைத்துப் பொறுமையாக விளக்கினார். இன்னும் ஓராண்டுக்குள் சுத்திகரிப்பு தேவைப்படலாம், அதற்கு முன்பாக இடக்கையில் ஒரு சிறிய அறுவை செய்து இரத்தக்குழாயைத் தயார்செய்துகொள்ள வேண்டும், அதற்கு நாள் குறித்துத் தருகின்றேன் என்றார். அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு வீட்டிற்கு வந்தேன். என் துணைவியாரிடம் காட்டவில்லை. பூஜை அறையில் முருகப்பெருமான் படத்திற்குப் பின்னால் செருகி வைத்தேன். "நீயே பார்த்துக்கொள்" என்று அவனிடமே ஒப்படைத்துவிட்டேன். அப்போது அதைப் பக்தி என்று எண்ணினேன். இப்போது யோசித்தால் அது பயம். சுத்திகரிப்பு என்றாலே மரணத்தின் வாசல் என்று என் மனத்தில் பதிந்திருந்தது. என் தோட்டத்து நண்பர்கள் இருவர் அதைத் தொடங்கி ஓராண்டுக்குள் மறைந்திருந்தனர்.

குறித்த நாளில் மருத்துவமனைக்குப் போகவில்லை. அதற்குப் பதிலாக, சிறுநீரகத்தைத் திரும்ப உயிர்ப்பிக்கும் என்று ஒருவர் விற்ற பொடியை எட்டு மாதம் உண்டேன். அதில் என்ன இருந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. மூலிகை என்றால் தீங்கில்லை என்று நாம் நம்புகின்றோம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் உடல் மெலிய வேண்டி ஒருவகை மூலிகை மாத்திரை உண்ட பெண்கள் பலர் சிறுநீரகத்தை இழந்தார்கள். அதில் கலந்திருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற நஞ்சே காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். மூட்டுவலிக்கு நாமாகவே கடையில் வாங்கி விழுங்கும் வலிமாத்திரைகளும் அப்படித்தான். நலிந்த சிறுநீரகத்தை அவை இன்னும் வேகமாக நலியச் செய்யும்.

அடுத்த தைப்பூசம் வந்தது. 2018ஆம் ஆண்டு ஜனவரி 31. பினாங்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். உங்களுக்குத் தெரியும், அங்கே வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். நல்ல வெயில். பால்குடத்தைச் செலுத்திவிட்டு இறங்கி வரும்போது ஒரு பந்தலில் இளநீர் கொடுத்தார்கள், குடித்தேன். அடுத்த பந்தலில் இன்னொன்று. பிறகு பஞ்சாமிர்தம். இளநீரும் வாழைப்பழமும் பேரீச்சையும் பொட்டாசியம் என்னும் உப்பு நிறைந்தவை. உடல்நலமுள்ளவருக்கு அமுதம். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அந்த உப்பு இரத்தத்தில் தேங்கி இருதயத்தையே நிறுத்திவிடும். மறுநாள் இரவு கால்கள் துவண்டு நாற்காலியிலிருந்து எழ முடியாமல் போனேன். அவசரப் பிரிவில் சோதித்தபோது என் பொட்டாசியம் 7.2, ஐந்துக்குச் சற்று மேலே போனாலே அதிகம். அன்றிரவே கழுத்தில் குழாய் செருகிச் சுத்திகரிப்பைத் தொடங்கினார்கள். என் பழைய மருத்துவச் சீட்டுகளைத் தேடிய துணைவியார், முருகன் படத்தின் பின்னால் அந்தக் கடிதத்தைக் கண்டெடுத்தார். மருத்துவமனைக்கு அதைக் கொண்டுவந்து என் கட்டிலின் மேல் வைத்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. முப்பத்தெட்டு ஆண்டு இல்லறத்தில் அவர் என்னோடு பேசாமல் இருந்தது அந்த மூன்று நாள்கள்தாம்.

கழுத்துக் குழாய் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். அது தற்காலிக வழி. நேராக இருதயத்தை நோக்கிச் செல்லும் பெரிய இரத்தக்குழாயில் அதைப் பொருத்துகிறார்கள். நனையக்கூடாது; கிருமி எளிதில் புகும். எனக்கு ஒருமுறை குளிர்காய்ச்சல் கண்டு இரண்டு வாரம் மருத்துவமனையில் கிடந்தேன். கையில் முன்னதாகவே வழி செய்திருந்தால் இவை எதுவும் தேவைப்பட்டிருக்காது.

அந்தக் கைவழியைத்தான் ஃபிஸ்டுலா என்கிறார்கள். 1943ஆம் ஆண்டில், ஜெர்மானியர் ஆக்கிரமிப்பில் இருந்த ஹாலந்து நாட்டில், வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர் கொத்திறைச்சிக்கு உறையாகப் பயன்படும் செலோஃபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி முதல் செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்தார். தொடக்கத்தில் அதில் சிகிச்சை பெற்றவர்களுள் பெரும்பாலோர் மாண்டனர். 1945இல் 67 வயது மூதாட்டி ஒருவர் பிழைத்தெழுந்தார். ஆனால் அப்போதெல்லாம் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய இரத்தக்குழாயை அறுக்க வேண்டியிருந்தது. 1966ஆம் ஆண்டில் நியூயார்க்கில் பிரெஷியா, சிமினோ என்ற டாக்டர்களும் அவர்களுடைய குழுவினரும், மணிக்கட்டருகே தமனியையும் சிரையையும் இணைத்துவிடும் முறையை வெளியிட்டார்கள். அழுத்தத்தோடு பாயும் இரத்தம் சிரைக்குள் புகுந்து அதைத் தடிக்கச் செய்யும். அதில் ஊசியைப் பலநூறு முறை செருகலாம். எனக்கு 2018 மே மாதம் அந்த அறுவை நடந்தது. கையை மட்டும் மரக்கச் செய்து செய்தார்கள். மாலையே வீடு திரும்பினேன்.

தொட்டுப் பார்த்தால் பூனை உறுமுவதுபோல் ஓர் அதிர்வு தெரியும். இரவில் காதருகே கையை வைத்தால் ஓசையும் கேட்கும். காலையில் எழுந்ததும் நான் முதலில் செய்வது அந்த அதிர்வைத் தொட்டுப் பார்ப்பதுதான். அது நின்றுவிட்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இந்த வழி பழுத்துப் பயனுக்கு வர ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை பிடிக்கும். சிலருக்கு முதல் முறை பலிக்காமல் மறுபடியும் செய்ய நேரும். ஆதலால்தான் மாதக்கணக்கில் முன்னதாகச் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். நான்காம் நிலையில் இருப்பவர்கள் இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. வலக்கைப் பழக்கமுள்ளவராயின் இடக்கையில் ஊசி குத்தவோ இரத்தம் எடுக்கவோ விடாதீர்கள். கையின் பின்புறத்தில் எடுக்கும்படி தாதியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முழங்கைக்குக் கீழேயுள்ள அந்தச் சிரைகள்தாம் நாளை உங்கள் உயிர்நாடி.

ஃபிஸ்டுலா செய்த கையில் இரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது. கனமான பையை மாட்டக்கூடாது. அதன்மேல் தலைவைத்துத் தூங்கக்கூடாது. இறுக்கமான கடிகாரமோ வளையலோ அணியக்கூடாது. இங்கே ஆலயம் சார்ந்த ஒரு சங்கடம் எழுந்தது. திருவிழாவில் காப்புக் கட்டும்போது ஆண்களுக்கு வலக்கையிலும் பெண்களுக்கு இடக்கையிலும் கட்டுவது வழக்கம். என்னோடு சிகிச்சை பெறும் ஓர் அம்மையாருக்கு இடக்கையில்தான் ஃபிஸ்டுலா. காப்பை இறுக்கிக் கட்டினால் ஆபத்து, கட்டாமல் விட்டால் குறை என்று அவர் தவித்தார். நம் குருக்கள் ஐயாவிடம் கேட்டேன். அவர் சற்றும் தயங்காமல், "வலக்கையில் கட்டுகிறேன், அம்மாவை வரச் சொல்லுங்கள்" என்றார். இத்தகையோர் இந்த ஆண்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அலகு குத்துதல் வேண்டாம். சுத்திகரிப்பின்போது இரத்தம் உறையாதிருக்க மருந்து செலுத்துகிறார்கள், புண்ணில் இரத்தம் நிற்காது.

இயந்திரம் ஒன்றே வழி என்றும் எண்ண வேண்டா. வயிற்றுவழிச் சுத்திகரிப்பு என்று மற்றொரு முறை உண்டு. வயிற்றில் ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தி, ஏறக்குறைய இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விட்டுச் சில மணி நேரம் கழித்து வெளியேற்றி, இப்படி நாளுக்கு நான்கு முறை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். இரவில் தூங்கும்போது இயந்திரமே செய்துவிடும் வகையும் உண்டு. வேலைக்குப் போகிறவர்களுக்கும் நிலையம் இல்லாத ஊரில் வாழ்கிறவர்களுக்கும் இது மிக நல்லது. தூய்மை ஒன்றுதான் கண்ணாய்க் காக்க வேண்டியது. எனக்கும் இதைச் சொல்லியிருப்பார்கள். நான் போயிருந்தால் அன்றோ கேட்டிருப்பேன்! அவசரத்தில் தொடங்குகிறவனுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாமல் போய்விடுகிறது.

உணவைப் பற்றி மகளிர் பிரிவினர் குறிப்பாகக் கேட்டிருந்தார்கள். நோயின் நிலைக்கேற்ப உணவு மாறும் என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். சுத்திகரிப்புக்கு முன்பு புரதத்தை அளவோடு உண்ணச் சொல்வார்கள். தொடங்கிய பின்போ அதிகமாக உண்ணச் சொல்வார்கள், ஏனெனில் இயந்திரம் புரதச்சத்தையும் கொண்டுபோய்விடுகிறது. பழைய பத்தியத்தையே தொடர்ந்து மெலிந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கிச்சாப், பொட்டல மீ ஆகியவற்றில் உப்பு மறைந்திருக்கிறது. உப்புக்குப் பதிலாக விற்கும் சோடியம் குறைந்த உப்பை வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும். கீரை, உருளைக்கிழங்கு முதலியவற்றைச் சிறிதாக நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும். நம் நாட்டில் டுரியான் பருவம் வந்தால் மனத்தை அடக்குவது பெரிய தவம். ஆனால் ஒரு பழத்தை மட்டும் தவம் என்று சொல்லமாட்டேன், முற்றிலும் விலக்கு என்பேன். அது பெலிம்பிங் என்னும் நட்சத்திரப் பழம். சிறுநீரக நோயாளிக்கு அது மூளையைத் தாக்கும் நஞ்சு. தீராத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு, மரணம் வரை போகும். சாறாகவும் கூடாது.

தண்ணீரோ, ஒரு நாளில் வெளியேறும் சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் சேர்த்து அருந்தலாம் என்பது பொதுக் கணக்கு. எனக்கு இப்போது சிறுநீர் அநேகமாக இல்லை. தாகத்திற்கு ஒரு துண்டு பனிக்கட்டியை வாயில் அடக்கிக்கொள்வேன். பிரசாதத்தை மறுக்க மனம் வராது. விரல்நுனியில் தொட்டு நாவில் வைத்துக்கொள்கின்றேன். விரதம் இருக்க விரும்புவோர் டாக்டரிடம் சொல்லிவிட்டு இருங்கள்.

செலவைப் பற்றிய அச்சம்தான் பலரை வீட்டிலேயே முடக்கிவிடுகிறது. தனியார் நிலையத்தில் ஒருமுறைக்கு இருநூறு வெள்ளி என்றாலும், மாதத்திற்குப் பன்னிரண்டு பதின்மூன்று முறை என்றால் எந்தத் தொழிலாளிக் குடும்பம் தாங்கும்? ஆனால் வழிகள் உண்டு. என்னைப்போன்ற அரசாங்க ஓய்வூதியக்காரர்களுக்குப் பொதுச் சேவைத் துறை கொடுக்கிறது. தனியார் துறையில் வேலை செய்து சொக்சோ சந்தா கட்டியவர்கள் நிபந்தனைக்கு உட்பட்டு அதன்வழி உதவி பெறலாம். 1969இல் தொடங்கிய தேசிய சிறுநீரக அறநிறுவனம் குறைந்த கட்டணத்தில் நிலையங்களை நடத்துகிறது. இவற்றுக்கெல்லாம் படிவம், சம்பளச் சீட்டு, டாக்டர் கடிதம் என்று பல வாரம் பிடிக்கும். மருத்துவமனையிலுள்ள சமூகநல அதிகாரியை எண் 20க்கு இறங்கும்போதே பார்த்துவிடுங்கள். படிவம் நிரப்ப உதவி தேவையானால் வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பிறகு ஆலய அலுவலகத்தில் நான் இருப்பேன்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்துவதே சிறந்த சிகிச்சை என்பதை எல்லா டாக்டர்களும் சொல்கிறார்கள். என் தம்பி தாமாகவே முன்வந்தார். பரிசோதித்தபோது அவருக்கும் நீரிழிவு இருப்பது தெரிந்தது, கொடுக்க முடியவில்லை. அன்று நாங்கள் இருவரும் மருத்துவமனைக் கேண்டீனில் மௌனமாகத் தேநீர் அருந்தினோம். ஆயினும் நோய் தொடக்கத்திலேயே பிடிபட்டதால் அவருக்கு அழுத்த மாத்திரையும், சிறுநீரகத்தைக் காக்கும் டாபாகிளிஃப்ளோசின் என்ற புதிய வகை மருந்தும் கொடுத்திருக்கிறார்கள். அவருடைய எண் இன்றும் 80க்கு மேல் நிற்கிறது. இரத்த உறவில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் மற்றவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும். மறைவுக்குப் பின் உறுப்பு தானம் செய்ய எண்ணுவோர், அதை வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் மருத்துவமனையினர் கேட்பது குடும்பத்தாரைத்தான்.

இன்னொன்றும் கூற வேண்டும், தயக்கத்தோடு கூறுகின்றேன். 86 வயது மூதாட்டி ஒருவர், நம் ஆலயத்தில் பூத்தொடுத்தவர், சுத்திகரிப்பு வேண்டாம் என்று தெளிந்த மனத்தோடு சொன்னார். பிள்ளைகள் கலங்கினர். டாக்டர்கள் அவர் முடிவை மதித்து, மூச்சுத்திணறலுக்கும் அரிப்புக்கும் மருந்து கொடுத்து வீட்டிலேயே பார்த்துக்கொண்டார்கள். ஏழு மாதம் பேரப்பிள்ளைகளோடு இருந்தார். முதுமையும் வேறு நோய்களும் மிகுந்தவர்களுக்கு அதுவும் ஒரு வழியே. அதை அவரே தேர்ந்தெடுத்தார். அறியாமையாலோ பயத்தாலோ நேர்ந்ததன்று. என் எட்டு மாதப் பொடியை அதனோடு சேர்க்காதீர்கள்.

அந்தக் கடிதம் இன்னும் என் வீட்டில் இருக்கிறது. துணைவியார் அதைச் சட்டம் போடாத குறையாகக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். படத்திற்குப் பின்னால் இப்போது எதுவும் இல்லை. அவர் வாரந்தோறும் பார்க்கிறார்.

மண்டப வாசலில் தாதியர் இருவர் இரத்த அழுத்தமும் சீனி அளவும் பார்க்கிறார்கள். சிறுநீரில் புரதம் பார்க்கும் அட்டையும் வைத்திருக்கிறார்கள். பத்து நிமிடம் ஆகும். அன்னதானம் அதற்குள் தீர்ந்துவிடாது என்று சமையற்கட்டில் உறுதி வாங்கியிருக்கிறேன். நாளை எனக்குச் சுத்திகரிப்பு நாள். ஆகவே சற்று முன்னதாக விடைபெறுகின்றேன்.